போகப் போக விலகும் ஸ்லைடு

வணக்கம். பேசுபவரைச் செல்போனிலும் ஸ்லைடுகளை லேப்டாப்பிலும் பதிவுசெய்து சேர்த்த வீடியோவில், முதல் நிமிடத்தில் ஸ்லைடோடு ஒத்துப்போகும் பேச்சு, 40ஆவது நிமிடத்தில் 2 நொடி விலகிவிடுகிறது என்கிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வளரும் விலகல், அதனால் கிளிப்பை நகர்த்திப் பயனில்லை. பெரும்பாலும் செல்போன்தான் காரணம்: வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம் (தனிப் படம்) என்பதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும், எடிட்டிங் மென்பொருள் குழம்பிவிடும். செல்போன் வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் (இலவசம்தான்) 30, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்) என்று வைத்து மாற்றிவிட்டு, அப்புறம் எடிட்டிங் டைம்லைனில் போடுங்கள்.

அடுத்த முறை, லேப்டாப் மைக்கையும் ஆன் செய்துவிட்டு, பேசுபவரைக் கேமரா முன் ஒரு தடவை கைதட்டச் சொல்லுங்கள். இரண்டு ஒலித்தடத்திலும் ஊசி மாதிரி ஒரு முனை நிற்கும். அவற்றை நேராக வைத்தால் தொடக்கம் பொருந்திவிடும். பேசுபவர் கூச்சப்பட்டால் மேசையில் பேனாவைத் தட்டினாலும் சரி.