10 லட்சம் முன்பணம், 11 மாதக் கெடு: மனையைக் கைமாற்றி விற்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 2,400 சதுர அடி மனை 40 லட்சம் ரூபாய்க்கு வருகிறது. 10 லட்சம் முன்பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் 11 மாதக் கெடுவுடன் ஒப்பந்தம் போட்டு, கெடுவுக்குள் வேறொருவருக்கு லாபத்துக்குக் கைமாற்றிவிடலாம் என்கிறார் தரகர். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பதால் அவருடைய பவர் ஏஜென்ட் கையெழுத்திடுவாராம். என் மொத்தச் சேமிப்பு 12 லட்சம். இதில் இறங்கலாமா?

பதில்: இப்போதுள்ள நிலையில் வேண்டாம். மனையில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. மீதி 30 லட்சத்துக்கு உங்களிடம் வழியில்லை என்பதே காரணம்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, வெறும் விற்பனை ஒப்பந்தம் அந்த மனையில் உங்களுக்கு எந்த உரிமையையும் உண்டாக்காது. விற்பவர் மறுத்தால், கிரயம் எழுதித் தரச் சொல்லி 'ஏற்றதை ஆற்றுதல்' வழக்குத் தொடரலாம். ஆனால் முழு விலையையும் கொடுத்து வாங்க நீங்கள் தொடர்ந்து தயாராகவும் விருப்பத்துடனும் இருந்தீர்கள் என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டும். மூன்றாம் நபர் ஒருவர் வந்து பணம் கொடுப்பார் என்ற நம்பிக்கையைத் தவிர வேறெதுவும் இல்லாதவரால் அதை நிரூபிப்பது கடினம். பிறகு எஞ்சுவது முன்பணத்தைத் திரும்பக் கேட்பதுதான். அதையும் மனுவில் தனியாகக் கோரியிருக்க வேண்டும். கெடு தவறினால் முன்பணம் பறிமுதல் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டால், அந்த வழியும் குறுகிவிடும். தரகர்கள் காட்டும் அச்சடித்த படிவங்களில் இந்த வாசகம் பெரும்பாலும் இருக்கும். படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

வங்கிக் கடன் மூலமாகவாவது மீதித் தொகைக்கு வழி செய்ய முடிந்தால், இந்த மனையைத் திரும்பவும் பரிசீலிக்கலாம். அப்போதும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும் என்பதால், அதே மனையைப் பின்னால் வாங்கும் எவரும் உங்கள் ஒப்பந்தம் தமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. கைமாற்றுவதே நோக்கம் என்றால், 'வாங்குபவர் பெயரிலோ அவர் குறிப்பிடும் நபர் பெயரிலோ கிரயம் எழுதித் தரப்படும்' என்ற வாசகத்தையும், விற்பவர் தரப்பால் கிரயம் நின்றுபோனால் முன்பணம் எத்தனை நாளில் எவ்வளவு வட்டியுடன் திரும்பும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

பவர் ஏஜென்ட் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டில் எழுதப்பட்ட பவர் பத்திரத்துக்கு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். முன்பணம் பெறும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் காலமாகிவிட்டால் சாதாரண பவர் அத்துடன் முடிந்துவிடும் என்பதால், அவரிடமே வீடியோ அழைப்பில் பேசுங்கள். முன்பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். விலை 50 லட்சத்துக்குக் கீழ் என்பதால், விற்பவருக்குத் தரும் பணத்தில் நீங்கள் வரி பிடித்துக் கட்ட வேண்டியதில்லை என்று தரகர் சொல்லக்கூடும். விற்பவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது, ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். லாபத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் ஏற்காதீர்கள்: மனை பேரத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர் மீதே விழலாம்.

பதிவுக்கு விற்பவர் தரப்பு தயங்கினால், அதை உடனே மோசடி என்று எண்ண வேண்டாம். நீங்கள் விலகிப்போனாலும், ரத்துப் பத்திரம் பதிவாகும் வரை உங்கள் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் நின்று அவர்களுடைய விற்பனையை முடக்கும் என்பது நியாயமான அச்சமே. கெடுவை 11 மாதத்திலிருந்து நான்கு மாதமாகவும், முன்பணத்தை இரண்டு லட்சமாகவும் குறைத்துக்கொள்ள முன்வாருங்கள். அதற்கும் பதிவு முடியாது என்றால் வேறு மனை பாருங்கள்.