தரிசு என்று எதைச் சொல்கிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் அரிட்டாபட்டிக்குச் சென்றேன். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்றார்கள். என் கண்ணில் பட்டவை பாறையும் முள்ளுமே. மதுரையைச் சுற்றியுள்ள இத்தகைய தரிசுகளில் எங்கள் நண்பர் குழு மரம் நட விரும்புகிறது. எந்தக் கன்றுகள் ஏற்றவை? ‘நாலு பறவையினம் குறைந்தால் என்ன இழப்பு?’ என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

எஸ்., மேலூர்

அன்புள்ள எஸ்.,

இழப்புக் கணக்குக் கேட்பவர்களிடம், அந்தப் பாறைகளில் விழும் மழைதான் சுனைகளில் தங்கிக் கண்மாய்களுக்கு இறங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள். என்னை உறுத்துவது உங்கள் ‘தரிசு’ என்ற சொல். பல நாள்களாக அதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2022 நவம்பரில் அங்கே 193.42 ஹெக்டேர் பரப்பைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, அந்தப் பாறையும் முள்ளும் இருப்பதனால்தான். ராசாளிக் கழுகு பாறை விளிம்பில் கூடு கட்டுகிறது. லகர் வல்லூறு வேட்டையாட வெட்டவெளி வேண்டும். தேவாங்கு முட்புதரில் இரவெல்லாம் பூச்சி தேடுகிறது. எறும்புதின்னியான அலங்கு கரையான் புற்றைத் தோண்டுகிறது. அத்தனை குடிகள் வாழும் வீட்டை வெற்றிடம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய நிலம் 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டு, ஊர்மக்கள் போராடிய பிறகே 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது என்பதை மேலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அப்பத்தா அழகர்மலை அடிவாரத்தில் ஆடு மேய்த்தவர். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது, சரளையில் கால் வைக்கப்போன என்னைச் சட்டென்று தோளைப் பிடித்து இழுத்தார். கூடு என்று ஒன்றுமில்லை. கூழாங்கற்களுக்கிடையே கூழாங்கற்களைப் போலவே ஆள்காட்டியின் நான்கு முட்டைகள் கிடந்தன. தாய்ப்பறவை தலைக்குமேல் கதறிக்கொண்டே சுற்றியது. குஞ்சு பொரியும்வரை அப்பத்தா ஆடுகளை அந்தப் பக்கம் விடவேயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் அதே சரளையைப் பொக்லைனால் கிளறி, வேம்பும் புங்கனும் வரிசையாக நட்டார்கள். கோடையில் கன்றுகள் காய்ந்தன. ஆள்காட்டியும் அங்கே திரும்பவில்லை. அவர்களும் உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகள்தாம், எஸ்.; அதனால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் தாராளமாக நடுங்கள். கன்றுகளைப் பற்றிப் பிறகு பேசலாம். பங்குனியில் ஒருநாள் விடியுமுன் வெறுங்கையோடு அடிவாரத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன். கால் வைக்குமுன் தரையைப் பார்த்து நடக்க வேண்டும்.