தெருக்கம்பத்தில் செல்போன் பெட்டி: கேட்டவையும் சொன்னவையும்

தெருவிளக்குக் கம்பங்களில் மாட்டும் சிறிய செல்போன் கருவிகளைப் பற்றி நம் கொங்குப் பகுதி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, செல் கோபுர வேலைகளில் அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோவை, சாயிபாபா காலனி: அண்ணா, எங்க வீட்டுக்கு நேர் எதிரே விளக்குக் கம்பத்தில் ஒரு பெட்டி மாட்டிவிட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாநகராட்சி அதை எடுக்க வைக்க முடியாதுங்களா?

செல்போன் பெட்டி விடும் ரேடியோ அலை மத்திய அரசு பார்ப்பது. கம்பமும் நடைபாதையும்தான் உள்ளூர் நிர்வாகத்தின் பிடியில். தெருவிளக்குக் கம்பங்களில் 'ஸ்மால் செல்' எனும் இந்தச் சிறிய பெட்டியை மாட்ட, மத்திய அரசின் வழியுரிமை விதிகளில் (பொது இடத்தில் கேபிளும் கருவியும் அமைக்க அனுமதி தரும் விதிகள்) 2022 ஆகஸ்டில் வந்த திருத்தமே வழி திறந்தது. அதில் வைத்த கட்டணம் ஒரு கம்பத்துக்கு நகரத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய், கிராமத்தில் 150. ஒரு டீக்கடைப் பலகைக்குக்கூட இதைவிட அதிகம் கேட்பார்கள்! பிறகு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் கீழான புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. எதிர்வீட்டார் சம்மதம் தேவையில்லைங்க.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதலில் கம்பம் யாருடையது என்று பாருங்கள். பல தெருக்களில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு மட்டும் மாநகராட்சியுடையது. இது தெரியாமல் மனு கொடுத்தால் இரண்டு அலுவலகமும் மாற்றி மாற்றிக் கைகாட்டும். அனுமதி ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கம்பம் சாய்ந்திருக்கிறதா, வயர் தலைக்கு நேராகத் தொங்குகிறதா, நடைபாதை அடைபட்டிருக்கிறதா? போட்டோவோடு எழுதுங்கள். 'கதிர்வீச்சு' என்று மட்டும் எழுதிய மனு ஃபைலிலேயே தூங்கும்.

அந்தியூர்: டவர் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். செல்லுங்களா?

என்ன காரணம் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் கதிர்வீச்சு பயத்தை வைத்துத் தடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. இடம் நீர்வழிப் புறம்போக்கு, கட்டடம் பலமில்லை என்பது போன்ற காரணம் இருந்தால் அதை எழுதுங்கள்.

நாமக்கல்: அப்படியானால் கதிர்வீச்சை யார்தான் அளப்பார்கள்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டு வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். அந்தத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4,000 ரூபாயும் வரியும் கட்டினால் உங்கள் இடத்துக்கே வந்து அளப்பார்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் டவர் தூரமாகப் போகப் போகக் கையிலிருக்கும் போன்தான் கூடுதல் சக்தியில் கத்த வேண்டியிருக்கும். காதில் ஒட்டி வைத்திருப்பது அதைத்தானே.

காங்கேயம்: மாடியில் டவர் வைத்தால் மாதம் நல்ல வாடகை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று போன் வருகிறது.

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மோசடி. வாடகை தருகிறவன் எதற்கு உங்களிடம் பணம் கேட்கிறான்?

திருப்பூர்: மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே ஊராட்சி சொன்னால் நடக்குமாமே?

அங்கேயும் அலையைக் காட்டி மறுக்க முடியாதுங்க அக்கா. கருவி மத்திய வரம்புக்குள் இருந்தால் போதும் என்று அமெரிக்காவின் 1996 தொலைத்தொடர்புச் சட்டமே சொல்கிறது. அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் 2018 ஆணைப்படி, ஸ்மால் செல்லுக்கு இருக்கிற கம்பத்துக்கு 60 நாளில், புதுக் கம்பத்துக்கு 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 270 டாலர் நியாயமான கட்டணம். ஒரு வித்தியாசம் உண்டு: கருவிகள் தெரு அழகைக் கெடுக்கக்கூடாது என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் விதி போட்டது. செல்போன் கம்பெனி வழக்குக்குப் போனது. 2019-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நம் கடைவீதிகளில் கம்பத்துக்குக் கம்பம் கேபிள் சுருள் தொங்குகிறது. அழகுக்கு விதி போட நம் ஊர்களுக்கும் கொஞ்சம் ஆசை வரவேண்டும்.

பெருந்துறை, வார்டு உறுப்பினர்: டவருக்குச் சொத்து வரி போடலாமா?

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போடலாம் என்றது. ஆனால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பொருத்திய கருவி அந்தச் சொத்தின் பகுதியே ஆகாது, வரிக்கும் அப்படித்தான் என்கிறது. பழைய தீர்ப்பை மட்டும் நம்பி நோட்டீஸ் அனுப்பாமல், வக்கீலிடம் இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.