அக்கா தைத்த இறக்கை

கேள்வி: முதல்முறையாக ஒரு ரசிகர் மாநாட்டுக்கு காஸ்ப்ளே (கதைப் பாத்திரம்போல் வேடம்) செய்துகொண்டு போகிறேன். ஃபோமில் மார்புக்கவசம், தலைக்கவசம், வாள் எல்லாம் நானே செய்தேன். விரியும் இறக்கையை மட்டும் அக்கா தைத்துக் கொடுத்தாள். வேடப்போட்டியிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். பரிசு வாங்க என்ன செய்யவேண்டும்? இறக்கை விஷயத்தை நடுவர்களிடம் சொல்லியே ஆகவேண்டுமா? என் பெயரைப் போடவேண்டாம்.

பதில்: உங்கள் பெயரைப் போடவில்லை, சரி. அக்காவின் பெயரையும் விட்டுவிடலாமா என்பதுதானே உண்மையான கேள்வி? கூடாது. சொல்லியே ஆகவேண்டும்.

1939இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன் என்ற ரசிகர் எதிர்கால மனிதனைப்போல் உடுத்திக்கொண்டு போனார். கூடவே அதே பாணியில் உடுத்திப் போனவர் மிர்ட்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் மொரோஜோ என்றால் தெரியும். இரண்டு உடைகளையும் தைத்தவர் அந்த அம்மாள்தான். ஆனால் இந்தக் கலையின் ஆரம்பம் என்று வெகுகாலம் அக்கர்மனையே காட்டிக்கொண்டிருந்தார்கள். ஊசி பிடித்தவருக்கு உரிய பேர் வந்து சேர்வதற்குள் அவர் காலமாகியே பல வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பழைய அநியாயத்தை நீங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு தடவை நடத்திப் பார்க்கவேண்டுமா?

நியாயம் கிடக்கட்டும், பொய் எடுபடவும் எடுபடாது. கைவேலைக்குப் பரிசு தரும் போட்டிகளில், மேடை ஏறுவதற்கு முன்பே நடுவர்கள் உடையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. தையலின் உள்பக்கத்தைத் திருப்புவார்கள். ஏன் இந்தத் துணி, இந்த மடிப்பு எப்படி நிற்கிறது என்பார்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேட்பார்கள். இறக்கைக்குள் கம்பியை எப்படிக் கோத்தீர்கள் என்று கேட்டால் அக்காவுக்கு போன் போடுவீர்களா? எவ்வளவு வேலையைப் போட்டியாளரே செய்திருக்கவேண்டும் என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும், விதிகளைப் படியுங்கள். கூட்டுவேலைக்கு இடம் இருந்தால் இரண்டு பெயரையும் எழுதுங்கள். இல்லையென்றால் இறக்கையைக் கழற்றிவிட்டுக் கவசத்தை மட்டும் காட்டுங்கள், அல்லது நடிப்புப் பிரிவு இருந்தால் அதில் சேருங்கள்.

பரிசுக்கு வழி கேட்டீர்களே, இந்தக் கவசத்தோடு கழிப்பறைக்கு எப்படிப் போவது என்று யோசித்தீர்களா? சிரிக்கவேண்டாம். மேடையில் நிற்பது சில நிமிஷம், அரங்கில் அலைவது நாள் முழுக்க. ஃபோம் காற்றை உள்ளே விடாது. சட்டை பிழிகிற அளவுக்கு வியர்க்கும். தலைக்கவசத்தின் கண்பகுதியில் ஆவி படியும், பக்கத்தில் வருகிற குழந்தைகூடத் தெரியாது. ஒருநாள் வீட்டிலேயே முழு வேடத்தையும் மாட்டிக்கொண்டு உட்காருங்கள், குனியுங்கள், படி ஏறி இறங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். பிய்ந்துபோவது அங்கேயே பிய்ந்துபோகட்டும். மாநாட்டுக்குப் போகும்போது பசை, ஊக்கு, ஊசி நூல் பையில் இருக்கட்டும். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகக் கூட ஓர் ஆளும் வேண்டும். (இறக்கை கிழிந்தால் சரிசெய்யத் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது. யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.)

வாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் சோதித்து, அடையாளப் பட்டை கட்டி உள்ளே விடுவார்கள். கூர்மையாக உலோகம் ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இறக்கைதான் வம்பு. நெரிசலில் அதை விரித்துக்கொண்டு நடந்தால் அடுத்தவர் கண்ணிலும் குத்தும், அவர் மாதக்கணக்கில் செய்த உடையிலும் மாட்டும். 1972இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ஒருவர் உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு வேடப்போட்டிக்கு வந்தார். அது மற்றவர்கள் உடையில் ஒட்டி, சூட்டில் நாற்றமெடுத்து, அப்புறம் வேர்க்கடலை வெண்ணெய் கூடாது என்று விதியே வந்துவிட்டது. ஆகவே இறக்கை மடங்கவேண்டும், தேவைப்பட்டால் கழற்றவும் வரவேண்டும். படத்துக்கு நிற்கும்போது ஓரமாகப் போய் விரித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க வருகிறவர்களில் சிலர் கேட்காமலே தோளில் கை போடுவார்கள், இறக்கையை இழுத்துப் பார்ப்பார்கள். வேடம் போட்டுவிட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதீர்கள். காஸ்ப்ளே என்பது சம்மதம் அல்ல என்று 2014இல் நியூயார்க் காமிக் கான் என்ற ரசிகர் மாநாட்டில் பலகையே வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதையும் மீறித் தொட்டால் மாநாட்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். அவர்கள் அங்கே நிற்பது வழி காட்ட மட்டுமல்ல.