பாசியில் ஒரு பாசி

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நவீனக் கண்ணாடிக் கலைக் கண்காட்சி பார்த்தேன். கூரையிலிருந்து தொங்கிய பச்சைக் கண்ணாடிக் கடல்பாசிக் கொத்தை விட்டு வர மனசே இல்லை. நம் பக்கம் இதெல்லாம் எப்போது வரும்?
(ஒரு வாசகி, தேவிபட்டினம்)

பதில்: கண்ணாடிக் கடல்பாசியா! திருவிழாக் கடையில் கோத்துத் தொங்கும் கண்ணாடி மணியும் பாசி, மண்டபம் கடலில் முளைப்பதும் பாசி. ஆக, நீங்கள் பார்த்தது பாசியில் செய்த பாசி. நம் ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகளோடு கண்ணாடிப் பாசியும் கிடைத்தது. எப்போது வரும் என்கிறீர்களே, வந்து 2000 வருஷம் ஆகப்போகிறது.

அமெரிக்காவின் டேல் சிஹூலி கடல் உயிர்களின் சாயலில் கண்ணாடி செய்து பேர் வாங்கியவர். 1976இல் கார் விபத்தில் ஒரு கண் பார்வை போனது; 1979இல் தோள்பட்டை விலகியது. அதன்பின் மற்றவர்கள் ஊதுகிறார்கள், அவர் நின்று வேலை சொல்கிறார். (எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் உண்டு. நான்தான்.) பாம்பன் பக்கத்துப் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. விரலில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, அவர்களேதான் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்க வேண்டும். அதைக் காய்ச்சினால் அகர் அகர். கடையில் அதற்குப் பெயர் ‘சைனா கிராஸ்’. சீனாவும் இல்லை, புல்லும் இல்லை! இதைப் பலமுறை எழுதிவிட்டேன். கடைக்காரர் பெயரை மாற்றவில்லை, நானும் கடையை மாற்றவில்லை.

எனக்குப் பிடித்த கண்ணாடிச் சிற்பம் கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது தட்டில் வரும், அந்த அகர் அகரில் செய்த கடல்பாசி இனிப்புதான். கண்ணாடி உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். இதற்கு ஒரு கொதி போதும். பிரிட்ஜ்கூட வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்திலும் உறையும். ரோஸ் நிறத்தில் வில்லை வில்லையாக, உள்ளே ஒரு பாதாம் சிறைப்பட்டிருக்கும். தூக்கிப் பார்த்தால் விளக்கு தெரியும். தொடாதீர்கள் என்று பலகை வைக்கமாட்டார்கள்.

ஒருமுறை சமையல் பக்கத்தில் எங்கள் பிழைதிருத்துநர் அதைக் ‘கடற்பாசி’ ஆக்கிவிட்டார். ‘ஐயா, அந்த ற் தொண்டையில் சிக்குகிறது’ என்று கீழக்கரையிலிருந்து கடிதம் வந்தது. பிழைதிருத்துநரோ கடலில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும் புணர்ச்சி விதி ஒன்றுதான் என்கிறார். எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. இந்தப் பதிலை நேராக அச்சுக்கு அனுப்புகிறேன். அப்புறமும் ‘ற்’ விழுந்திருந்தால், அவர் வழியில் மடக்கிவிட்டார் என்று அர்த்தம்.