பார்ட் ஏ-வா, பார்ட் பி-யா?

கேள்வி: சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறையில் பெயிண்டராக இருக்கிறேன், வயது 31. இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பெயிண்ட்தான் தினமும். நான்கு மாதமாக முன்கையில் அரிப்பு, கொப்புளம். காலையில் கண் இமை வீங்கிவிடுகிறது. ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரமும் ஒன்றுமே இல்லை. ‘எப்பாக்ஸி அலர்ஜி’ என்று கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். எந்தக் கெமிக்கல் என்று கண்டுபிடிக்க முடியுமா, டாக்டர்?

பதில்: முடியும், கண்டுபிடிக்கவும் வேண்டும். ஊரில் சரியாகி, வேலையில் திரும்ப வந்தது என்பதே பெரிய துப்பு. ஆனால் ‘எப்பாக்ஸி அலர்ஜி’ பாதிப் பதில்தான். பார்ட் ஏ டின்னில் பிஸ்பினால் ஏ-யிலிருந்து செய்த பிசின் இருக்கும். அதில் மூலக்கூறு எடை 340 உள்ள சின்ன மூலக்கூறுதான் பெரும்பாலும் அலர்ஜி தருவது. பிசினை இளக்கச் சேர்க்கும் கிளைசிடில் ஈதர்களும் அதே டின்னில் இருக்கலாம். பார்ட் பி, அதாவது பிசினை இறுக வைக்கும் ஹார்டனரில், அமீன்கள் என்ற கெமிக்கல்கள். இளக்கியும் அமீனும் ஆவியாகி முகத்தில் படும். உங்கள் இமை வீக்கத்தைப் பார்த்தால் எனக்கு இவற்றின் மேல்தான் சந்தேகம்.

கெமிக்கலைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனைதான் பேட்ச் டெஸ்ட். வழக்கமான பேட்ச் டெஸ்டில் பார்ட் ஏ பிசின் இருக்கும், உங்கள் ஹார்டனர் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வந்து, பெயிண்ட் அடிக்க அதே கப்பல் டேங்குக்குள் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்பதில்லை. அதனால் இரண்டு டின்னுக்கும், தின்னருக்கும் சேஃப்டி டேட்டா ஷீட்டை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாளை, சேஃப்டி ஆபிசரிடம் கேட்டு வாங்குங்கள். அதன் மூன்றாம் பகுதியில் கெமிக்கல் பெயர்கள் இருக்கும். ‘எச் 317’ என்று குறித்திருந்தால் அது தோல் அலர்ஜி தரக்கூடியது. டின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கி, மண்டாலே சாலையில் உள்ள நேஷனல் ஸ்கின் சென்டர் போன்ற இடத்தில் இவற்றைக் காட்டுங்கள். முதுகில் பட்டை ஒட்டி 2 நாள் கழித்து எடுப்பார்கள், அப்புறம் இன்னும் 2 நாள் கழித்துப் பார்ப்பார்கள். சில சமயம் ஒரு வாரம் கழித்தும். பெயிண்டை நீங்களே கையில் தடவிச் சோதிக்காதீர்கள். தோல் வெந்துபோகும், புது அலர்ஜியும் வரலாம்.

அதுவரை தின்னரால் கை கழுவாதீர்கள். சாதாரண லேடெக்ஸ் ரப்பர் கையுறை எப்பாக்ஸியைத் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறை கொஞ்ச நேரம்தான் தாங்கும், பெயிண்ட் பட்டதும் மாற்றிவிடுங்கள். வேலையால் வந்த தோல் நோய் என்று உறுதியானால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. பயந்து மறைக்காதீர்கள்.