ஜன்னலைச் சாத்தியும் கால் சில்லிடுகிறதே!

கேள்வி: பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லா ஜன்னலையும் சாத்தித் திரை போட்டும், ஹாலில் உட்கார்ந்தால் கால் சில்லிடுகிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: கால் சில்லிடுகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. வீட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறி, உயரத்தில் உள்ள இடுக்குகள் வழியே வெளியேறும். அதை ஈடுகட்டக் குளிர்காற்று கீழ்ச் சந்துகளில் நுழையும். அதனால் முதலில் வாசற்கதவின் அடியைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் தெரிந்தால், ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை ஒன்று போதும்.

அப்புறம், காற்றடிக்கும் நாளில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். கேஸ் ஹீட்டர், அடுப்பு எல்லாம் அணைந்திருக்கட்டும். ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, இடுக்குகளில் வெளிக்காற்று வேகமாக நுழையும். ஊதுபத்தியைக் கொளுத்தி, திரையில் படாமல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். நான் இரண்டு குளிர்காலம் ஜன்னலையே திட்டிக்கொண்டிருந்தேன். நூல் பிடித்த மாதிரி ஏறிய புகை, சமையலறைத் தொட்டிக்கு அடியில் கொண்டுபோனதும் படக்கென்று என் முகத்தில் அடித்தது. சுவரில் குழாய் நுழையும் ஓட்டை! ஓட்டை அடைக்கும், காயாமல் மாவு போலவே இருக்கும் ‘புட்டி’ பசையை உருட்டி அமுக்கினேன், அடங்கியது. வீடு மாறும்போது அப்படியே பிய்த்தும் எடுத்துவிட்டேன்.

திறந்து மூடும் ஜன்னலுக்கு ஸ்பாஞ்ச் பட்டை. தடிமனாக இருந்தால் நல்லது என்று வாங்கி ஒட்டினேன், கொக்கியே மாட்டவில்லை. இப்போதெல்லாம் குழந்தைகளின் களிமண்ணைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டத்தில் வைத்து ஜன்னலைச் சாத்துவேன். அது நசுங்கிய கனம்தான் சந்தின் அளவு. பட்டை அதைவிடச் சற்றே தடிமனாக இருந்தால் போதும். தூசியைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். பிய்க்கும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகும், பெயின்டும் அவ்வளவாகப் பெயராது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காற்றோட்டத்துக்கென்றே வைத்த துவாரங்களை அடைக்க வேண்டாம். கேஸ் எரியும் வீட்டில் அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு தேங்கக்கூடும். அதற்கு வாசனையே கிடையாது. கண்ணாடி விரிசல், இற்றுப்போன மரச்சட்டம் இதெல்லாம் உங்கள் வேலை இல்லை. படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.